முந்நூற்றுப் பன்னிரண்டாம் நம்பர்க்காரி

— மறுபடியும் அவளா? செருப்பைக் கழட்டறதுக்குள்ள ஆரம்பிச்சாச்சு.

— அவ இல்லடி, அவ தலையில இருந்து எடுத்த கட்டி. பட்டாணி அளவுதான். மைக்ராஸ்கோப்புல வச்சுப் பார்க்கணுமே, அடடா!

— நேத்தும் இதே அடடா. முந்தாநாளும் இதே அடடா.

— எங்க லேப்ல நான் சீவின சீவல்லயே இதுதான் அழகு. செல்லெல்லாம் கூட்டம் கூட்டமா, குழந்தைங்க துண்டு துண்டா சேர்த்துப் படம் வைப்பாங்களே, அப்படிப் பொருந்தி நிக்குது. ஓரத்துல பொடிசா, கறுப்பா. நடுவுல பெருசா, வெளுப்பா. ஒவ்வொரு கூட்டத்தைச் சுத்தியும் ரோஸ் கலர்ல கரை.

— கரை வேறயா! பதினாறு வருஷத்துல என் புடவைக்குக் கரை இருக்கா இல்லையான்னு பார்த்திருப்பீங்களா?

— அது வேற, இது வேற. இது எங்கேர்ந்து முளைச்சதுன்னு டாக்டருங்களுக்குள்ளயே சண்டை. வியர்வைச் சுரப்பியிலன்னு பெரியவர். இல்ல, முடிவேர்லன்னு சின்னவர்.

— ஆமாமா, அவ பொறந்த வீடு வரைக்கும் விசாரிச்சாச்சு. ஆளு எப்படி இருப்பாளாம்?

— யாரு கண்டா? வெளியில ஒரு தோல் டாக்டர் அனுப்பினது. பொம்பள, வயசு நாப்பதுன்னு மட்டும் போட்டிருக்கு.

— என் வயசுதான். அவளை மட்டும் நாலு நாளா குனிஞ்சு குனிஞ்சு பார்க்கறீங்க. எதிர்ல டீயோட நிக்கறவளை நிமிர்ந்து பார்க்க முடியல.

— கட்டி மேல பொறாமைப்படற ஒரே பொம்பள நீதான் போ.

— சிரிக்காதீங்க, பத்திக்கிட்டு வருது. கட்டிக்குக் கிடைக்கற பார்வை கட்டிக்கிட்டவளுக்குக் கிடைக்கல. ஆமா, அது... கெட்ட கட்டியா?

— சேச்சே, பரம சாது. இன்னிக்குத்தான் பெரியவர் கையெழுத்துப் போட்டார்.

— இத்தனை நாள் அவ தூங்கினாளா இல்லையான்னு ஒரு தடவையாவது நினைச்சீங்களா?

— எனக்கு ஆளா தெரியும்? நம்பர்தானே. முந்நூத்திப் பன்னெண்டு.

— என்ன நம்பர்?

— முந்நூத்திப் பன்னெண்டு. ஏய், டீ கொட்டுது பாரு! என்னாச்சு, ஏன் அழற?

— தோல் டாக்டர் கொடுத்து என் பர்ஸ்ல இருக்கற லேப் சீட்டுலயும் அதே நம்பர்தான். நீங்களா பார்த்துக் கேப்பீங்கன்னு பத்து நாளா வகிடு மாத்தி வாரிட்டு உங்க முன்னாடியேதான் நடமாடறேன்; வாங்க, இந்த முடியை விலக்கிட்டு, அவளை இப்பவாவது பாருங்க.