கோரினுக்குத் தொறக்காத பாலம்

கோரினுக்குப் பண்ணினது அநியாயம் சார். ஒத்தையா பாய்மரப் படகை ஓட்டிட்டு வந்த பொண்ணுக்கு, அந்த சாக்ஸ்டன் பாலத்துக்காரன் இன்னிக்குக் காலைல ரெண்டு மணி நேரம் பாலத்தைத் தொறக்கவே இல்ல. நீங்க துணிய மடிச்சுட்டே கேளுங்க. என் வாஷிங் மெஷின் நிக்க இன்னும் இருபது நிமிஷம் ஆகும். உள்ள சுத்துறது பூரா அவ துணிதான். எல்லாம் சேறு.

யாருன்னா... யுனிவர்சிட்டில என் ரூம்மேட். நான் கிளாஸ்ல சண்டை போட்டுட்டிருப்பேன், அவ பேசாம படகைச் சுரண்டி பெயின்ட் அடிப்பா. வர்ஜீனியால கிளம்பி ஃப்ளோரிடா வரைக்கும், கரையோரக் கால்வாய் வழியாவே, தன்னந்தனியா போயிட்டிருக்கா. ஒரு படகுத்துறைல ஒரு பெரிய மனுஷன் "கேப்டன் எங்கம்மா"ன்னு அவகிட்டயே கேட்டாராம். பாவம், கண்ணு தெரியல போல. ஆனா நார்த் கரோலினால ஒரு பாலம் விடாம தொறந்தாங்க சார். ரேடியோல பாலத்தோட பேரச் சொல்லிக் கூப்பிடுவா, மரியாதையா தொறப்பாங்க. நேத்து சாயங்காலம் எல்லை தாண்டி உங்க சவுத் கரோலினாவுக்குள்ள வந்தா. விடிஞ்சதும் இந்தக் கூத்து.

"சாக்ஸ்டன் பாலம், தெக்க போற பாய்மரப் படகு, தொறந்து விடுங்க"ன்னு பதினோரு தடவை. பதினொண்ணு. பதிலே இல்ல. தொரை பாலத்து மேல கண்ணாடி ரூம்ல காபி குடிக்கிறது இவளுக்குத் தெரியுது. இவ கை காட்டினா, அவனும் கை காட்டினானாம்... பார்க்குல நடக்க வந்தவங்களுக்குக் காட்டுற மாதிரி. அதுக்குள்ள தண்ணி வடிய ஆரம்பிச்சுது. சுத்திச் சுத்தி வந்தவ ஓரத்துச் சேத்துல ஏறிட்டா. எறங்கித் தள்ளியிருக்கா, இடுப்பளவு சேத்துல. அப்பப் பாத்து பாலம் தொறக்குது. இவளுக்கில்ல. அந்தப் பக்கத்துலேர்ந்து வந்த ஒரு தாடிக்காரனுக்கு. ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருப்பான், ராஜமரியாதை. தாடி வளக்காதது கோரின் தப்புதான்.

மத்தியானம் தண்ணி ஏறினப்புறம், நேத்து ராத்திரி கட்டியிருந்த இந்தப் படகுத்துறைக்கே திரும்பி வந்துட்டா. காலைல சேத்துல கிடந்தபடியே எனக்கு போன் பண்ணிக் கேட்டா, "ட்ரூடி, அந்த ஆளுக்கு என்னக் கண்டா ஏன் ஆகல?"ன்னு. நான் விடுவேனா. தனியா வர்ற பொம்பள காத்துக் கிடக்கட்டும்ங்கற திமிருன்னு அரை மணி நேரம் புள்ளிவிவரத்தோட சொன்னேன். நாலு பக்கம் புகாரும் எழுதி எடுத்துட்டு கார்ல ஓடி வந்திருக்கேன். ஆனா அவ... அதோ, ஜன்னல் வழியா பாருங்க. பலகைல எழுதிட்டிருக்கா. "விற்பனைக்கு". மூணு வருஷம் சுரண்டின படகு சார். ஆறு மணிக்கு வாங்க ஆள் வர்றான்.

ரேடியோவா? நல்லாத்தான் வேலை செய்யுது. எந்த சேனலா... பதிமூணு. அவ கிளம்பறப்ப நானே தேடிப் பிடிச்சு, பெரிசா எழுதி, சுக்கான் பக்கத்துல ஒட்டிக் குடுத்தேன். அவ கால்வாய் வழிகாட்டி புக்கை ஒரு தடவை பாத்துக்கறேன்னா. நான் பாத்ததுக்கப்புறம் நீ என்ன பாக்கறதுன்னு வாதாடி மூடி வெச்சேன்.

என்னது, ஒன்பதா.

எல்லைக்கு வடக்க பதிமூணு, தாண்டினா ஒன்பதா. அதெப்படி நீங்க அவ்வளவு அடிச்சுச் சொல்றீங்க... அந்தச் சட்டையக் கொஞ்சம் விரிங்க. பைமேல என்ன தச்சிருக்கு.

சாக்ஸ்டன் பாலம்.

அப்ப கை காட்டினது நீங்கதானா... மீன் பிடிக்க வந்த பொண்ணுன்னு நெனச்சீங்களா. கூப்பிடாம எப்படித் தொறக்கறதுன்னு. ம். நியாயந்தான். நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் நியாயம்னு சொன்னதில்ல சார்.

நாளைக்குக் காலைல யாரு டியூட்டி. நீங்களேவா. இருங்க, இந்த ஜன்னலைத் தொறக்கறேன்.

கோரின். அந்தப் பெயின்ட் டப்பாவ மூடு. காலைல கேட்டியே, அவருக்கு உன்னக் கண்டா ஏன் ஆகலன்னு... நீ கூப்பிட்டதே அவருக்குக் கேக்கல. நான்தான் தப்பான நம்பர் குடுத்தேன்.