நண்டு சரித்த ரெயில் பாதை

"நண்டு ரெயில் பாதையைச் சரிச்சுப் போட்டிரிக்கு புள்ள. இண்டைக்கு நேரத்தோட போகணும்."

விடியற்காலைத் தோணியில் எனக்கு முன்னால் இருந்தவர் தம் மனைவியிடம் இப்படிச் சொன்னார். குருக்கள்மடத்திலிருந்து புளியந்தீவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். வாவியைப் பனி மூடியிருந்தது. எந்தக் கரையும் தெரியவில்லை. அவர்கள் பேசப் பேசத்தான் விளங்கியது. யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை தன் தோட்டத்தில் முழங்கால் உயரம்கூட இல்லாத ரெயில் ஒன்று ஓடவிட்டிருக்கிறார். அதன் தண்டவாளத்தைப் பராமரிப்பது இவர் வேலை.

"நண்டைப் பிடிச்சுக் கறியாக்குங்க," என்றாள் மனைவி. அவள் மடியில் விற்கக் கொண்டுபோகும் பாய்க்கட்டு இருந்தது.

"கறிக்கு ஆகாத சின்ன நண்டு. தண்டவாளத்துக்குக் கீழால வளை தோண்டுது. சல்லிக்கல்லுப் போட்டு இறுக்காட்டி வண்டி கவிழும்."

"நம்மட கூரை மாரி முழுக்க ஒழுகிச்சு. அதுக்கு உங்களுக்கு நேரமில்ல."

அவர் தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"அந்த ரெயில் எங்க போகுது?" என்று கேட்டாள்.

"பூவரசு மரத்தைச் சுத்திக் கிறுகி வரும்."

"ஆரு ஏறுற?"

"ஒருத்தருமில்ல."

அவள் தண்ணீருக்குள் கைவிட்டு அளைந்தாள்.

"ஸ்டேசன் ஒண்டு செஞ்சு வச்சன்," என்றார் அவர். "துரை அதுக்குப் பேர் கேட்டார். குருக்கள்மடம் எண்டு சொன்னன்."

"நம்மட ஊருக்கு ரெயில் இல்லையே."

"அங்க நிக்கும்."

அவள் பாய்க்கட்டை மடியில் நேராக்கிக்கொண்டாள்.

"ஸ்டேசனுக்குக் கூரை போட்டாச்சா?"

"இன்னும் இல்ல."

"விரலளவுல ஓலைக்கிடுகு பின்னித் தாறன்," என்றாள். "ரெயிலுக்கு நிக்கிற ஆக்கள் நனையப் போறாங்க."