ஆயிரத்து இருநூற்று முப்பது கிலோ

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஜெனரேட்டர் நின்றுவிட்டது, மழைதான் நிற்கவில்லை. விடிந்து ரேஸ் டிராக் காய்ந்தால் நாளைக்கு நாலு சுற்றாவது ஓட்டலாம். அதுவரை இந்தக் கொட்டகையில் டயரோடு டயராகக் கிடக்க வேண்டியதுதான். சிவப்பு வண்டியில் வந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் கதவோரம் நிற்காதீர்கள், சாரல் அடிக்கும். உள்ளே வாருங்கள்... ம்... இப்போது சொல்கிறேன்.

என் நண்பனின் அத்தானுக்கு நடந்தது இது.

இரவு பதினொன்றரை மணி. விளக்கே இல்லாத நெடுஞ்சாலை. எதிரே ஒரு லாரிகூட இல்லை. அத்தான் தனியாக வந்துகொண்டிருந்தார்... அன்று சாயங்காலம் வாங்கிய வண்டியில். பழைய ஸ்போர்ட்ஸ் கார். வெள்ளை. இரண்டே கதவு, பின்னால் பேருக்கு ஒரு குட்டி சீட்டு. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவருக்கு. பகலெல்லாம் இருட்டறையில் அடுத்தவன் எலும்பைப் பார்த்துப் பார்த்து அலுத்த மனிதர். வாரத்தில் ஆறு நாள் அந்த வண்டியில் வேலைக்குப் போக வேண்டும், ஏழாவது நாள் அதையே டிராக்கில் விரட்ட வேண்டும் என்பது பன்னிரண்டு வருட ஆசை.

டிங்... டிங்... டிங்...

பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று வண்டி சொல்கிறது. பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. ஒரு பைகூட இல்லை. கையை நீட்டி சீட்டைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுவென்று இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி. பழைய வயரிங், இப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, காலி சீட்டுக்கு பெல்ட்டை இழுத்து மாட்டினார். சத்தம் நின்றது.

வண்டியை விற்றவர் ஒரு ஒல்லி மனிதர். சட்டை அவருடையது இல்லை, அண்ணனுடையது என்று சொன்னால் நம்பலாம், அப்படித் தொங்கியது. இடுப்பு பெல்ட்டில் ஆணியால் குத்திய ஓட்டைகள், ஒன்றன்பின் ஒன்றாக ஐந்தாறு. சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"வண்டிய ஓட்டுங்க, எவ்வளவு வேகமா வேணாலும் ஓட்டுங்க. ஆனா எதையும் கழட்டாதீங்க."

டேஷ்போர்டு பெட்டிக்குள் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு ரசீது இருந்தது. லாரிகளுக்கு எடை போடும் எடைமேடையில் கொடுக்கும் ரசீது. மாதத்துக்கு ஒன்று, மூன்று வருடத்துக்கு. எல்லாவற்றிலும் ஒரே எண். ஆயிரத்து இருநூற்று முப்பது. கைக்குழந்தைக்கு மாசாமாசம் எடை பார்ப்பது போல காருக்குப் பார்த்திருக்கிறாரே மனிதர் என்று அத்தான் சிரித்தார்.

இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டாம். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினவன் சும்மா இருப்பானா? முதல் வாரமே மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டார். அந்த மெக்கானிக்கை ஊரே நட்டு என்றுதான் கூப்பிடும். கழன்ற நட்டு இல்லை, ரொம்ப இறுக்கமான ஆள். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியின் உயரத்தை இறக்கினார்கள். பிரேக் பேட் மாற்றினார்கள். சைலன்சர் மாற்றியதில் தெருவில் தூங்கிய நாயெல்லாம் எழுந்து உட்கார்ந்தது. கடைசியில் எடைக்கு வந்தார்கள்.

"எஞ்சினுக்கு செலவு பண்றதெல்லாம் அப்புறம் சார். கழட்டிப் போடுறதுதான் முதல் வேகம்," என்றார் நட்டு.

பின்சீட்டு போனது, ஆறு கிலோ. தரைக்கு அடியில் சத்தம் வராமல் இருக்க ஒட்டியிருந்த தார்த் தகடுகளைச் சுத்தியலும் உளியுமாக மூன்று நாள் சுரண்டினார்கள். அதுவும் தரைவிரிப்பும் சேர்ந்து பன்னிரண்டு. நாலு சக்கரத்துக்கு அடியிலும் நாலு எடைப் பலகையை வைத்து, டேங்க்கை நிரப்பிப் பார்த்தார்கள். ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. சுத்தமாகப் பதினெட்டு கிலோ மிச்சம். அத்தானுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வண்டியில் அவர் மனைவி ஏறவே மாட்டார். "குழிக்குள்ள இறங்கிக் குழிலேர்ந்து ஏறுற மாதிரி இருக்கு, நீங்களே வச்சுக்குங்க," என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஏறுவது மகள்தான். எட்டு வயது, வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள். தினமும் பள்ளிக்கூடத்துக்கு அப்பாவுக்குப் பக்கத்து சீட்டில் போவாள். தன் பக்கக் கதவின் உள்கைப்பிடிக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு வாத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள். வாத்து ஒட்டினால் வண்டி எடை கூடுமா என்று கேட்டுவிட்டுத்தான் ஒட்டினாள். அவ்வளவு விவரம்.

ஆறு வாரம் கழிந்தது. டிராக்குக்குப் போவதற்கு முன்னால் மறுபடி எடை பார்த்தார்கள். ஆயிரத்து இருநூற்றுப் பதினாறு.

நட்டு தலையைச் சொறிந்தார். பலகையைச் சரிபார்த்தார். எண்ணெய் டின்னை வைத்துப் பார்த்தார், டின் எடை சரியாகக் காட்டியது. வண்டியில் கூடுதலாக ஒரு போல்ட் இல்லை. ஆனால் நாலு கிலோ கூடுதல். எங்கே கூடியது என்று பார்த்தால்... பக்கத்து சீட்டுப் பக்கச் சக்கரங்களில்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் மனைவி ஒரு அட்டையை நீட்டினார். பள்ளிக்கூடத்து உடல்நல அட்டை.

"என்னங்க, குட்டி நாலு கிலோ குறைஞ்சிருக்கா. இருபத்தாறு இருந்தது இருபத்திரெண்டு. நல்லாத்தானே சாப்பிடுறா?"

நல்லாத்தான் சாப்பிட்டாள். அவர்கள் கண் முன்னால்தான் சாப்பிட்டாள். பிறகும் குறைந்தாள். பத்து நாளில் இருபது. சாக்ஸ் கணுக்காலில் நிற்கவில்லை, ரப்பர் பேண்டு போட்டார்கள். ரத்தம் பார்த்தார்கள், பூச்சி மருந்து கொடுத்தார்கள், ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார். கடைசியில் ஒருவர் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எழுதிக்கொடுத்தார். யார் எடுப்பது? அப்பாவேதான் எடுத்தார்.

"மூச்ச பிடிச்சுக்கோடா... ம், விடு."

படத்தைத் திரையில் பார்த்தார். நுரையீரல் சுத்தம். எலும்பு சுத்தம். ஆனால் தோளிலிருந்து இடுப்புவரை சாய்வாக ஒரு வெள்ளைப் பட்டை. ஈயத் தகட்டை வைத்து எடுத்தால்தான் அப்படி விழும். நாலு விரல் அகலம். குட்டி மேலே மெல்லிய துணியைத் தவிர ஒன்றுமில்லை. மறுபடி எடுத்தார். மறுபடியும் பட்டை. இருபது வருடமாகப் படம் எடுப்பவர்... அது என்ன பட்டை என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தினமும் காலையில் அவரே தன் கையால் மாட்டிவிடுகிற பட்டை அது.

பெற்ற வயிறு மட்டும்தான் பற்றி எரியும் என்று யார் சொன்னது? வீட்டுக்கு ஓடினார். ஸ்பேனரை எடுத்தார். அந்த பெல்ட்டை அவிழ்த்தார், சீட்டைப் பிடுங்கினார், இரண்டையும் வாசலில் வீசினார். பதினைந்து கிலோ. இனிமேல் குட்டி அந்த வண்டிப் பக்கமே போகக் கூடாது என்று வண்டி நிற்கும் ஷெட்டைப் பூட்டினார். அன்று நிம்மதியாகத் தூங்கினார், பாவி மனிதர்.

காலையில் மனைவி எழுப்பினார். குட்டிக்கு எழுந்து நிற்க முடியவில்லை. குளியலறை எடை இயந்திரத்தில் தூக்கி வைத்தார்கள். பதினெட்டு. ஒரே ராத்திரியில் இரண்டு கிலோ.

அப்போதுதான் அவருக்கு அந்த ரசீதுக் கட்டு ஞாபகம் வந்தது. மாதாமாதம், ஒரே எண். ஒல்லி மனிதரின் பெல்ட்டில் ஓட்டைகள். வண்டிக்கு ஆயிரத்து இருநூற்று முப்பது இருந்தாக வேண்டும். நாம் எடுத்ததை அது வேறு இடத்தில் எடுத்துக்கொள்ளும். ஒரேயடியாகப் பதினைந்து கிலோவைப் பிடுங்கிப் போட்டதும்... அது அவசரப்பட்டிருக்கிறது.

அதன்பிறகு அந்த மனிதர் ஓடிய ஓட்டத்தை எப்படிச் சொல்வது? சீட்டையும் பெல்ட்டையும் மறுபடி பூட்டினார். நட்டுவிடம் ஓடினார். பின்சீட்டு எங்கே? பஞ்சர் கடையில் வாடிக்கையாளர் உட்காருவதற்குக் கொடுத்தாகிவிட்டது. அங்கே ஓடி, அதன்மேல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரை எழுப்பிவிட்டுத் தூக்கிவந்தார். தார்த் தகடு?

"சார், அது அன்னைக்கே குப்பை வண்டில போயிடுச்சு," என்றார் நட்டு.

கடையில் புதுத் தகடு வாங்கி ஒட்டிப் பார்த்தார். மணல் மூட்டை வைத்துப் பார்த்தார். பலகை ஆயிரத்து இருநூற்று முப்பது காட்டியது, வண்டி ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் குட்டி இன்னும் முந்நூறு கிராம் குறைந்திருந்தாள். அதனுடையதுதான் அதற்கு வேண்டும். இல்லையென்றால்... சதை வேண்டும்.

மூட்டையையும் புதுத் தகட்டையும் எடுத்துவிட்டுக் கணக்குப் பார்த்தார். இன்னும் நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. குட்டியிடம் நாலு கிலோ எடுத்தால் மிச்சம் என்ன இருக்கும் என்று டாக்டரைக் கேட்க வேண்டியதில்லை.

அன்று இரவு ஷெட்டுக்குள் போனார். கதவைச் சாத்தினார். ஓட்டுகிற சீட்டில் உட்காரவில்லை. குட்டியின் சீட்டில் உட்கார்ந்தார். பென்சில் சீவிய வாசனை அடித்தது. கைப்பிடிக்கு மேலே வாத்து. பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"எங்கிட்ட எடுத்துக்கோ. அவள விட்டுடு."

ஒன்றுமில்லை. தெருவில் ஒரு நாய். அப்புறம் அதுவும் இல்லை.

பிறகு... டிக். டிக். சூடான சைலன்சர் ஆறும்போது வரும் சத்தம். அன்று முழுக்க வண்டியைக் கிளப்பவே இல்லை. பிரேக் தீய்ந்த வாடை மெல்ல ஏறியது. பக்கத்தில், ஓட்டுகிற சீட்டின் தோல் சர்ர்... என்று அமுங்கியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நிமிர்ந்து, பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடி மெதுவாக அவர் பக்கம் திரும்பியது, ஒரு ஆள் பக்கத்தில் இருப்பவரை நன்றாகப் பார்க்கத் திருப்புவது போல.

கடக்.

பெல்ட் ஒரு பல் இறுகியது. கொஞ்ச நேரம் கழித்து... கடக். இன்னொரு பல். மூச்சை இழுத்தால் விட முடியவில்லை, விட்டால் இழுக்க முடியவில்லை. அப்படியே விடிந்தது.

காலையில் மனைவி கதவைத் திறந்து பார்த்துவிட்டுக் கத்திரிக்கோலோடு ஓடிவந்தார். பெல்ட் அவிழவில்லை.

"வெட்டாத!" அத்தான் கத்திரிக்கோலைத் தடுத்தார். "ஒரு நூல்கூட வெட்டாத. அதுக்கும் அவகிட்டத்தான் கேக்கும்."

சூரியன் ஏறியதும் பெல்ட் தானாகக் கழன்றது. அறுநூறு கிராம் குறைந்திருந்தார். குட்டி குறையவில்லை.

மறுநாள் இரவும் போனார். அதற்கு மறுநாளும். ஏழாவது நாள் காலையில் குட்டி தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் வைம்மா," என்றாள். அந்தத் தாய் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றே வண்டியைப் பலகையில் ஏற்றினார்கள். ஆயிரத்து இருநூற்று முப்பது. நட்டு தொப்பியைக் கழற்றிவிட்டு, "சார், இனிமே இத என் கடைக்குக் கொண்டுவராதீங்க," என்றார்.

குட்டி தேறிவிட்டாள். நன்றாக வளர்ந்துவிட்டாள். ஆனால் வண்டியை என்ன செய்வது? உடைத்துப் போட்டால் ஆயிரத்து இருநூற்று முப்பது கிலோவையும் எங்கே கேட்கும்? விற்றார். வாங்க வந்தவரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. ரசீதுக் கட்டைக் கையில் கொடுத்து, எக்ஸ்ரே படத்தைக் காட்டி, எதையும் கழட்டாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினார். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நாமும் சிரித்திருப்போம். அந்த ஆள் அடுத்த வருடம் வேறு யாருக்கோ விற்றுவிட்டாராம். நிறத்தை மாற்றி. ரசீதும் எக்ஸ்ரேயும் கூடப் போனதா என்று தெரியாது.

அவ்வளவுதான். மழை விடுகிற மாதிரி இருக்கிறது.

தம்பி... சிவப்பு வண்டித் தம்பி. சாயங்காலம் உங்கள் அண்ணன் வண்டியைச் சுற்றிக் காட்டினாரே, அப்போது ஒன்று கேட்க நினைத்தேன். பின்சீட்டு, ஏ.சி., ஸ்டெப்னி எல்லாம் கழட்டியாச்சு, அறுபது கிலோ மிச்சம் என்று பெருமையாகச் சொன்னார். பெயின்ட் வேலை நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்து சீட்டுக் கதவின் உட்பக்கம் மட்டும் யாரும் சுரண்டாமல் விட்டுவிட்டார்கள், ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது.

அண்ணன் ஓட்டுவார், நீங்கள் பக்கத்தில் உட்காருவீர்கள், இல்லையா? எத்தனை மாதமாக?

இல்லை, சும்மாதான் கேட்டேன். உங்கள் இடுப்பு பெல்ட்டில் ஆணியால் குத்திய ஓட்டைகள் இருக்கின்றன. கடைசி ஓட்டையில் தோல் இன்னும் வெள்ளையாக இருக்கிறது.