புதுக் காலுக்கு அளவு

— அப்படியே படியில உக்காரு அண்ணே. கால் வார் அவிழ்ந்திருக்கு.

— அடேங்கப்பா, வாயைத் திறந்துட்டியா! மனு போட்ட நாள்லேருந்து மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டிருந்தவ...

— உங்கூட யாரு பேசினா? நான் செஞ்ச காலுக்காகப் பேசுறேன். நீட்டு.

— மெதுவாடி! உள்ளே ஜட்ஜ் முன்னாடி காலை வாரினது போதாதா?

— நானா வாரினேன்? டிரஸ்ட் தலைவரு நீ. "செயற்கைக் காலுக்கு இப்ப தேவை குறைஞ்சுபோச்சு, பட்டறையை மூடிட்டு ஹோட்டலா மாத்த அனுமதி கொடுங்க"ன்னு மனு போட்டது நீ. "கடைசியா எப்ப, யாருக்குக் கால் செஞ்சீங்க"ன்னு ஜட்ஜ் கேட்டதும்...

— கேட்டாரு, சொன்னேன்.

— எங்கே சொன்னே? பேன்ட்டைத் தூக்கிக் காட்டினே!

— கூண்டுல ஏறி சத்தியம் பண்ணியாச்சு. பின்னே எதைக் காட்டுறது?

— உன் வக்கீல் முகத்தைப் பாத்தியா? ஈயாடல.

— "உங்க வாய்தான் சார் உங்களுக்கு எதிரி"ன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு கீழே இறங்கிட்டாரு. அது போகட்டும்... அளவு கொடுத்தேனே, புதுக் கால் என்னாச்சு?

— செஞ்சாச்சு. பட்டறையில தொங்குது. வந்து மாட்டிக்கோ. இனி பட்டறையை எவனும் மூட முடியாது.

— தீர்ப்பை முழுசா கேட்டியா? அப்பா எதுக்காக எழுதி வச்சாரோ, அந்த இடம் அதுக்கு மட்டும்தானாம். கோர்ட்டைக் கேக்காம ஒரு ரூமைக்கூட டிரஸ்டிங்க வேற எதுக்கும் விடக்கூடாதாம். பட்டறை மேல்மாடியில இருக்குற டிராவல்ஸ்காரனும் காலி பண்ணணும்!

— தோத்தவன் சொல்ற மாதிரியா இருக்கு? பல்லெல்லாம் தெரியுது.

— அது... உன்னைப் பாத்துத்தான். உன் பின்னாடி எத்தனை பேரு! கோர்ட்டுல லிஃப்ட் ஓடல. தபால்காரரு, அந்த பஸ் கண்டக்டரம்மா, பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க... மூணு மாடியும் நடந்தே ஏறி வந்தாங்களே. ஒருத்தர்கூட கைப்பிடியைப் புடிக்கல.

— அத்தனையும் நம்ம பட்டறைக் காலு.

— நெஞ்சு நிமிர்ந்துடுச்சுடி எனக்கு. அப்பா இருந்திருந்தா...

— இரு இரு. உனக்கு எதிரா சாட்சி சொல்ல வந்தவங்களைப் பாத்து உனக்கு எதுக்கு நெஞ்சு நிமிரணும்?

— மத்த நாலு டிரஸ்டிங்களும் சத்தமில்லாம முடிக்கப் பாத்தாங்க. மேல்மாடி போயிடுச்சு, அடுத்தது பட்டறை. யாரையும் கேக்கப் போறதில்ல. நான் ஒத்தை ஆளு, என்ன பண்ணுவேன்? "முறையா கோர்ட்டுல அனுமதி வாங்கிடுவோம், நாளைக்கு ஒருத்தன் கேள்வி கேக்க முடியாது"ன்னேன். நல்ல யோசனைன்னு தலையாட்டிட்டாங்க.

— கிடைக்காதுன்னு தெரிஞ்சேவா?

— போய்க் கேட்டாத்தானே கூடாதுன்னு சொல்லுவாங்க! கேக்காமலே விட்டிருந்தா யாருடி தடுத்திருப்பா? உங்கிட்டகூட மூச்சு விடல. உன் கோபம் நிஜமா இருந்தாத்தான் எடுபடும்னு... ஏய், என்ன சிரிக்கிறே?

— வாரை இறுக்கிட்டேன். எழுந்து நடந்து பாரு.

— நடக்குறது இருக்கட்டும். எதுக்குச் சிரிச்சே?

— மனு போட்ட மறுநாளே பட்டறைக்கு வந்து, ஒரு வார்த்தை பேசாம, புதுக் காலுக்கு அளவு கொடுத்துட்டுப் போனியே... மூடப் போற இடத்துல யாராவது அளவு கொடுப்பாங்களா அண்ணே? அன்னைக்குச் சாயங்காலமே எதிர்ப்பு மனு எழுத உக்காந்துட்டேன். இத்தனை நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கத்தான் ரொம்பப் பாடுபட்டேன்.