முயலுக்குப் போட்ட ரொட்டி

முயலைப் போல மரியாதையான பிராணி கிடையாது, டாக்டர். நான் பேசினால் காதைத் தூக்கிக் கேட்கும். என் வீட்டில் வேறு யாரும் அப்படிக் கேட்டதில்லை.

மகள் கல்யாணமாகிப் போகும்போது அதை என்னிடம் விட்டுப்போனாள். மாப்பிள்ளைக்கு முயல் முடி ஒத்துக்கொள்ளாதாம். "புல்லுதான்பா முக்கியம். மருந்தடிச்ச இடத்துல அறுக்காதீங்க. நாய் காலைத் தூக்குற மூலை வேண்டவே வேண்டாம்" என்று பாடம் எடுத்தாள். முயலுக்குச் சாகும்வரை பல் வளருமாம், புல்லை அரைத்துத்தான் தேயுமாம். வயசெல்லாம் கல்லுடைத்தவன் நான். உளி எதனால் தேயும் என்று எனக்கா தெரியாது?

ஒழுங்காகத்தான் புல் போட்டேன். முயல் கொழுகொழுவென்று இருந்தது. மகள் போனோடு சரி. "முயல் எப்படிப்பா?" "நல்லாருக்கும்மா." பேச்சு முடிந்தது.

ஒரு மழைக்காலம். ஈரப்புல் வயிற்றைக் கெடுக்குமே என்று ரொட்டியை ஊறவைத்துக் கொடுத்தேன். முயலுக்குப் பல் நீண்டு வாயெல்லாம் எச்சில். போன் செய்ததும் மகள் ஓடி வந்தாள். உங்களிடம் முயலைக் கொண்டுவந்து பல்லை வெட்டிக்கொண்டு போனவள் என் வீட்டில் இரண்டு நாள் தங்கினாள். "என்னப்பா இது சட்டை? தரை துடைக்கக்கூட ஆகாது." அந்தத் திட்டுக்கு எத்தனை வருஷம் காத்திருந்தேன்.

மழை விட்டது. ரொட்டியை நான் விடவில்லை.

ஆனால் பொய் சொன்னதில்லை. "புல்லு அறுக்குறீங்களாப்பா?" என்பாள். தினமும் அறுத்தேன், அலசினேன், நிழலில் உலர்த்தினேன். பக்கத்து வீட்டு ஆடு தின்றது. நீங்கள்கூடக் கேட்டீர்களே, "பெரியவரே, என்னதான் குடுக்குறீங்க?" என்று. பச்சைக் கறை படிந்த கையை விரித்துக் காட்டினேன். நம்பிவிட்டீர்கள்.

கடைசியில் பல்வேர் கண்வரை ஏறிவிட்டது. சாப்பாட்டின் முன் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கும். மகள் மடியில்தான் உயிர் போனது. என் தோளில் சாய்ந்து அழுதாள். ஒரு வாரம் இருந்தாள். நல்ல வாரம்.

செத்த முயலின் கன்னத்துக்குள் ரொட்டி எப்படி வந்தது என்று கேட்டீர்கள். நான் வைத்ததுதான். ஆனால் ஒரு நாளும் அதைக் கைநீட்டி அடித்தவனில்லை.

அப்பா தனியாக இருக்கக் கூடாதென்று பேத்தியை விடுமுறைக்கு என்னிடம் விட்டுப்போயிருக்கிறாள். பால்பல் முத்துமுத்தாக இருக்கிறது. மிட்டாய் என்றால் குழந்தைக்கு உயிர். பெரிய டப்பாவாக வாங்கி, அவள் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறேன். தாத்தா வீட்டில் அவளுக்கு என்ன குறை?