கடலைக் கொல்லைக்கு மேல் விமானம்

ஓடுகிறேன். வரப்பு இடறுகிறது. விழுகிறேன். கடலைச் செடிக்குள் முகம். தலைக்கு மேல் சத்தம். தையல் மிஷின் மாதிரி விடாத சத்தம்.

"படுங்கோ! எல்லாரும் கீழ படுங்கோ!"

யாரும் படுக்கவில்லை. களை வெட்டிக்கொண்டிருந்த செல்வி என்னைத் தூக்கிவிட்டாள். "சின்ன பிளேன்தாங்க்கா. ஓட்டப் பழகுறாங்க."

அகதி முகாமிலிருந்து செஞ்சிப் பக்கம் கூலி வேலைக்கு வந்த முதல் வாரம் அது. செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதே கால்.

அனந்தபுரம் போகும் வழியில் பழைய ஓடுபாதை இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துப் போருக்குப் போட்டது. இப்போது இரண்டு பேர் உட்காரும் விமானங்கள் அங்கிருந்து ஏறுகின்றன.

"சண்டைக்குன்னு போட்டாங்களாம். ஒரு குண்டுகூட வுழலன்னு நைனா சொல்லும்" என்றாள் செல்வி. சிரித்துக்கொண்டே சொன்னாள்.

எனக்கு வயிறு எரிந்தது. போருக்கென்றே போட்ட இடம். ஒருவரும் சாகவில்லை. எங்கள் ஊரில் போருக்கென்று ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடமும் கிணறும்தான் இருந்தன.

வன்னி. எனக்குப் பதினைந்து வயது. மாசி மாதம். வெள்ளிக்கிழமை. முதலில் இரைச்சல். பிறகு குண்டு இறங்கும் கூவல். பதுங்குகுழிக்குள் அம்மா, நான், தம்பி. அவனுக்கு ஆறு வயது. விமானம் பார்க்க ஆசை. எழும்பி நின்றான். அவனை இழுக்க அம்மா எழும்பினா. நான் எழும்பவில்லை. பிறகு மண். காது கேட்கவில்லை.

செல்வியின் பிள்ளைகள் விமானத்தைக் கண்டால் கை ஆட்டுவார்கள். அவளும் ஆட்டுவாள். அந்த நாட்களில் அவளோடு பேசமாட்டேன். ஏன் என்று அவளுக்குத் தெரியாது.

போன மாதம் என் மகளும் ஆட்டினாள். துளசி. ஏழு வயது. முகாமில் பிறந்தவள். பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினேன். முழங்கால் தோல் உரிந்தது.

"புள்ளைக்கு இன்னாத்துக்குக்கா உன் பயம்?" செல்விக்குக் கோபம்.

பயம்தான் என்றேன். பொய். சத்தம் எனக்குப் பழகிவிட்டிருந்தது. தம்பியும் மேலே பார்த்தான். இவளும் பார்க்கிறாள். இவள் மேல் ஒன்றும் விழவில்லை. அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பெற்ற பிள்ளை மேல் பொறாமை. இதையும் எழுதிவைக்கிறேன்.

மறுநாள் மீண்டும் விமானம். துளசி மேலே பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

போரில் போனவை: அம்மா. தம்பி. பக்கத்துக் குழியில் சித்தி வீட்டார் நான்கு பேர். வீடு. இரண்டு மாடுகள்.

துளசி இப்போது கை ஆட்டுவதில்லை. அது போரில் போகவில்லை. என்னால் போனது.