ஏழு, இன்னொரு ஏழு, எட்டு

எங்கள் பிள்ளைகள் மையத்தில் இருபத்தேழு ஆண்டுகள் பொறுப்பாசிரியராக இருந்து இன்று ஓய்வு பெறும் எங்கள் வானா டீச்சர் அவர்களுக்கு, உடன் வேலை பார்த்த நாங்கள் வாசித்தளிக்கும் மடல்

அன்பும் அதட்டலும் அடுத்தடுத்த அறையில் குடியிருக்கும் அம்மையே! சொன்ன சொல்லும் சுமந்த குடையும் ஒரு நாளும் மாறாத சுடரே! டயர்க் கடை மாடியில் இரண்டே அறைகளை வைத்துக்கொண்டு எண்ணற்ற பிள்ளைகளை எழுத்தறிய வைத்த ஏணியே! வணக்கம்.

டீச்சர், இதற்கு மேல் இந்த மாதிரி எழுத எங்களுக்கு வராது. சின்ன டீச்சர் முதலில் இதே நடையில் இரண்டு பக்கம் எழுதி வாசித்துக் காட்டினார். சமையல் அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாரு? இதுல நம்ம டீச்சரக் காணோமே!" என்றார். அதனால் வணக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை நடந்தது நடந்தபடியே எழுதியிருக்கிறோம். கண்ணாடிச் சட்டம் போடுபவர் நீளத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்குச் சட்டம் பத்தாதுங்க, கதவுதான் வாங்கணும்" என்றார். பரவாயில்லை, மாட்டுவதற்குச் சுவர் இருக்கிறது.

சுழியம் போடத் தெரியாத பேனாவே!

விழாவுக்கு வந்திருக்கும் விருந்தினர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கட்டட வேலைக்கும் சந்தைக்கும், வீடு வீடாகத் தரை துடைக்கவும் விடியுமுன் கிளம்பிவிடுகிறவர்களின் பிள்ளைகளுக்கான மையம் இது. இங்கே பாடம் உண்டு, பகல் சாப்பாடு உண்டு, காய்ச்சல் என்றால் மருந்தும் மடியும் உண்டு. டீச்சரின் கழுத்தில் மூக்குக் கண்ணாடியோடு ஒரு நகவெட்டியும் தொங்கும். ஒரு கை நகம் வெட்டி முடிப்பதற்குள் ஐந்தாம் வாய்ப்பாடு முடிந்திருக்க வேண்டும். இரண்டாவது கைக்குப் பத்தாம் வாய்ப்பாடு. வாய்ப்பாடு சொல்லாதவர்களுக்கும் நகம் வெட்டப்பட்டது. ஆனால் கொஞ்சம் மெதுவாக!

மற்ற இடங்களில் வராத பிள்ளைக்கு ரெஜிஸ்டரில் சுழியம் போடுவார்கள். நீங்கள் போட்டதே இல்லை. வந்த பிள்ளைக்கு டிக். வராத பிள்ளைக்கு 'வ'. வருவான், வருவாள் என்று பொருள். "வரலைன்னு எழுதி என்ன ஆகப்போகுது? அதுதான் கண்ணுக்கே தெரியுதே. நாளைக்கு நமக்கு என்ன வேலைன்னு எழுதி வைக்கணும்" என்பீர்கள். சாயங்காலம் ஆனதும் 'வ' விழுந்த வீடுகளுக்குக் குடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். தெருமுனையில் அந்தக் குடை தெரிந்ததுமே, "டேய், வானா டீச்சர் வராங்க, ஒளிஞ்சுக்கோ!" என்று பிள்ளைகள் கூவ, சொந்தப் பெயர் போய் அந்தப் பெயரே உங்களுக்கு நிலைத்தது.

தப்பையும் பாடமாக்கிய தகைமையே!

நம் மாடிப்படிகள் பதினேழு. ஆனால் கடைசிப் படியில் எழுதியிருப்பது பதினாறு. இந்தப் பெருமை முழுவதும் வேன் டிரைவர் அண்ணனையே சேரும். பிள்ளைகள் ஏறும்போதே எண்ணிப் பழகட்டும் என்று நீங்கள் சொல்ல, அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெயிண்டும் தூரிகையுமாக உட்கார்ந்தார். ஏழு வரை எழுதினார், எழுந்துபோய் டீ குடித்தார், திரும்பி வந்து அடுத்த படியிலும் ஏழு எழுதினார். உச்சிப்படிக்குப் போய் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது.

"அழிச்சிட்டு எழுதிடறேன் டீச்சர், மானம் போகுது."

"இருக்கட்டும் தம்பி. எண்ணத் தெரியாத புள்ள இந்தப் படியைப் பேசாமத் தாண்டிப் போயிடும். எண்ணத் தெரிஞ்ச புள்ள நின்னு சிரிக்கும். இதைவிட நல்ல பரீட்சை நானே வச்சதில்ல."

அன்றிலிருந்து எந்தப் பிள்ளை அங்கே நின்று சிரிக்கிறதோ, அந்தப் பிள்ளைக்குக் கூட்டல் கணக்கு ஆரம்பம். நாளடைவில் அது பாட்டாகவே ஆகிவிட்டது. ஏறும்போதெல்லாம், "ஏழு, இன்னொரு ஏழு, எட்டு!" கீழே டயர்க் கடைக்காரரும் நட்டு எண்ணும்போது இப்படித்தான் எண்ணுகிறார் என்று கேள்வி. அவர் கழற்றி மாட்டிய வண்டிகளை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

கேடயம் வேண்டாம் என்ற கேடயமே!

ஒன்பது வருடத்துக்கு முந்தைய அந்த ஒரு மாதத்தைச் சொல்லாமல் இந்த மடல் முடியாது.

மையத்தை நடத்தும் அறக்கட்டளையின் தலைமை அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு அதிகாரி வந்திருந்தார். ஆறு மாத ரெஜிஸ்டரை வாங்கிப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று கேட்டோம்.

"நாப்பது புள்ளைங்க, ஒருத்தர்கூட ஒரு நாள்கூட லீவு இல்ல! எல்லா மையத்துக்கும் நீங்கதாம்மா முன்மாதிரி. கேடயம் தரப்போறோம்."

நாங்கள் கைதட்டினோம். சமையல் அக்கா கேடயம் வைக்க அலமாரியின் மேல்தட்டைத் துடைக்கவே ஆரம்பித்துவிட்டார். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை.

"சார், ஒரு நிமிஷம். அந்த 'வ'வை நீங்க எப்படிப் படிச்சீங்க?"

"வந்தார்னுதான்."

"அது வந்தார் இல்ல சார். வருவார்."

"அப்ப டிக் போட்டது?"

"அவங்கதான் சார் வந்தவங்க."

"ஐயோ, அது வீட்டுப்பாடம் முடிச்சவங்கன்னு நெனச்சேனே!"

கேடயம் வரவில்லை, கடிதம் வந்தது. உண்மையில் தினமும் வருவது இருபத்தொன்பது பிள்ளைகள்தான். நாற்பதுக்குக் குறைந்த மையத்தைத் தனியாக நடத்துவதில்லை. ஒரு மாதம் கழித்து நேரில் வந்து எண்ணுவோம், நாற்பது இல்லையென்றால் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள மையத்தோடு இணைத்துவிடுவோம் என்று எழுதியிருந்தது. எட்டு வரிசையில் லாரி ஓடும் சாலை அது. பாலம் கிடையாது. அதைத் தாண்டிப் பிள்ளையை அனுப்ப எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டாள் என்று அந்த அதிகாரிக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

அன்று எங்களில் சிலர் உங்கள்மேல் கோபப்பட்டோம். இப்போது சபையறிய ஒப்புக்கொள்கிறோம். "அவரு தப்பாப் படிச்சா நமக்கென்ன? வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?" என்று டிரைவர் அண்ணன் கேட்டே விட்டார். நீங்கள் கோபப்படவில்லை. "வந்தாச்சுன்னு ஒத்துக்கிட்டா அப்புறம் அந்தப் பதினோரு புள்ளைங்களை யாரு தேடுவா, தம்பி? வேன்ல டீசல் இருக்கா பாருங்க" என்றீர்கள்.

ஆறு மாடி ஏறிய குடையே!

மூன்று வாரத்தில் பத்துப் பிள்ளைகளை மீட்டுக்கொண்டு வந்தீர்கள். சந்தையில் வெங்காயம் பிரித்துக்கொண்டிருந்த இரட்டையர்கள் ஒரு நாள். வீடு மாறிப் போய் முகவரியே இல்லாமல் இருந்த பிள்ளை இன்னொரு நாள். ஆளைக் கண்டுபிடித்தது, காயப்போட்டிருந்த நம் மையத்துச் சீருடையை வைத்து. கார் கழுவும் இடத்து முதலாளி, "பையன் போயிட்டா வண்டியை யாரு கழுவுறது?" என்று முறைத்தபோது, "நீங்க கழுவுங்க. கை நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டீர்களே! வேனுக்குள் இருந்த டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து சிரித்தார். வெளியே சிரிக்கத் தைரியமில்லை.

மிச்சம் ஒருத்தி. ஒன்பது வயது. அம்மா கட்டட வேலை. இவள் ஆறாவது மாடியில் எட்டு மாதத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். சுவர் எழும்பாத மாடி, கைப்பிடி வைக்காத படி. குடையை ஊன்றிக்கொண்டு நீங்கள் ஏறினீர்கள். முட்டிவலிக்கு மருந்து சாப்பிடும் ஆள் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

"டீச்சரம்மா, எம்பொண்ணு வரமாட்டா. கைக்கொழந்தைய யாரு பாக்குறது?" என்றாள் அந்தத் தாய்.

"அவனும் வரட்டும்."

"எட்டு மாசப் புள்ளைக்கு என்னம்மா பாடம்?"

"தூங்குற பாடம். அதுலதான் யாரும் ஃபெயில் ஆகமாட்டாங்க."

அந்தத் தாய் சிரித்துவிட்டாள். ஆனால் சரி என்று சொல்லவில்லை. நீங்கள் மறுநாளும் ஏறினீர்கள். அதற்கு மறுநாளும். அதற்குள் நாம் பின்னறையில் ஒரு தொட்டில் கட்டியிருந்தோம். அதைச் சொன்னதும் அவள், "பாக்கலாம்" என்றாள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நீங்கள் ரெஜிஸ்டரில் தம்பியின் பெயரையும் சேர்த்து எழுதினீர்கள்.

பொய் டிக் போடாத பெருந்தகையே!

எண்ணும் நாள் வந்தது. அதிகாரி ஒன்பது மணிக்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒன்பதே காலுக்கு மணி அடித்தது. பிள்ளைகள் முப்பத்தொன்பது. சமையல் அக்கா உங்கள் காதோரம் வந்து, "டீச்சர், ஒரே ஒரு டிக். எப்படியும் வரத்தான் போறா. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். நீங்கள் பேனாவைத் திறந்தீர்கள். ஆனால் அந்தப் பெயருக்கு நேராக நீங்கள் எழுதியது 'வ'.

அதிகாரி ரெஜிஸ்டரை வாங்கிப் பார்த்தார். "இன்னைக்கும் 'வ'வா? போன மாசம் இருபத்தொம்பது. இப்ப திடீர்னு முப்பத்தொம்பது. உண்மையைச் சொல்லுங்கம்மா, பக்கத்துத் தெருவுல கூட்டிட்டு வந்து உக்கார வச்சிருக்கீங்களா?"

நீங்கள் பதில் சொல்ல வாயெடுத்தீர்கள். அதற்குள் கீழே படிக்கட்டில் காலடிச் சத்தம். மூச்சு வாங்கும் குரல்.

"அஞ்சு… ஆறு… ஏழு… இன்னொரு ஏழு… எட்டு…"

"என்ன இது? ஒழுங்கா எண்ணக்கூடத் தெரியல?" என்றார் அதிகாரி.

"அதுதான் சார் கரெக்ட்!" என்று முப்பத்தொன்பது பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அவர் எழுந்தார். படியில் இறங்கினார். இரண்டு ஏழுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றார். மேலே வந்து, பின் வரிசையில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னார். இன்னொரு ஏழு. முன் வரிசையில் ஒரு பிள்ளை. இன்னொரு ஏழு. வெங்காய இரட்டையர்களைத் தனித்தனியாகக் கேட்டார். இன்னொரு ஏழு, இன்னொரு ஏழு. அப்புறம் சிரித்தார் பாருங்கள்! "இந்தத் தப்பை வேற எங்கயும் கத்துக்க முடியாதும்மா. எல்லாம் உங்க புள்ளைங்கதான்" என்றார்.

வாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவளைக் காட்டி அவர் "நாப்பது" என்று எண்ணியதும், யாரோ ஒரு குட்டி அந்தக் கைக்குழந்தையைக் காட்டி, "இன்னொரு நாப்பது!" என்று கத்தியது. அன்றைக்கு இந்த மாடி அதிர்ந்த அதிர்வில், டயர் வெடித்துவிட்டது என்று கடைக்காரர் மேலே ஓடி வந்தார்.

மையம் நிலைத்தது. தொட்டில் ஒன்று ஆறானது. அந்த நாற்பதாவது பிள்ளை இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். செவிலியர் படிப்பில் சேர்ந்துவிட்டாள். அவளுக்கு எங்கள் ஒரே வேண்டுகோள்: அம்மா தாயே, மாத்திரை எண்ணும்போது மட்டும் ஒரே ஒரு ஏழு! 'இன்னொரு நாற்பது' பக்கத்திலேயே இருக்கிறான். தூங்கும் பாடத்தில் இன்றைக்கும் அவன்தான் முதல்.

போகிறேன் என்று சொல்லத் தெரியாத பொன்மனமே!

நேற்று நீங்கள் சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு, "நாளான்னைக்கு ரெஜிஸ்டர்ல என் பேரை அடிச்சிடுங்க. மறந்துடாதீங்க" என்றீர்கள். சின்ன டீச்சர் தலையாட்டினார். சமையல் அக்கா வெங்காயமே இல்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டிரைவர் அண்ணன் வேனைத் துடைக்கப் போகிறேன் என்று இறங்கினார். வேன் அன்று காலையே துடைத்தாயிற்று.

நீங்கள் போனபின் நாங்கள் கூடிப் பேசினோம். இருபத்தேழு வருடத்தில் உங்கள் சொல்லை நாங்கள் தட்டியதில்லை. இந்த ஒன்றை மட்டும் தட்டுகிறோம். உங்கள் பெயரை அடிக்க மாட்டோம். பொய் டிக்கும் போட மாட்டோம், அந்த அளவுக்கு நீங்கள் எங்களை வளர்த்திருக்கிறீர்கள். நாளை காலை ஒன்பதே காலுக்கு, உங்கள் பெயருக்கு நேராக 'வ' விழும்.

'வ' விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்தான். சாயங்காலம் உங்கள் தெருமுனையில் குடை தெரியும், டீச்சர். ஒளிந்துகொள்ளப் பார்க்காதீர்கள். முட்டி வலித்தால் வேன் வரும். டீசல் இருக்கிறது.

இன்று உங்களுக்கு வயது அறுபது. நோயில்லாமல், நொடியில்லாமல், நிறைந்த சிரிப்போடு நீங்கள் நம் படிக்கட்டு எண்ணுகிறபடியே எண்ணி வாழ வேண்டும்: அறுபது, இன்னொரு அறுபது, அதற்கப்புறம்தான் அறுபத்தொன்று!

இப்படிக்கு,
உங்கள்
சின்ன டீச்சர்
வேன் டிரைவர் (அந்த ஏழுகளுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தாயிற்று, இரண்டுக்கும்)
சமையல் அக்கா (இது கைநாட்டு இல்லை டீச்சர், கையெழுத்து. நீங்கள் சொல்லிக்கொடுத்தது)